திரையில் சுற்றும் பம்ப்

"அப்பா, ஆபீஸ்ல கார்ட்டூனா போடறீங்க?" என்று என் மகள் ஒரு நாள் கேட்டாள். என் லேப்டாப்பில் ஒரு தண்ணீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பம்ப் சுற்றிக்கொண்டிருந்தது. புணேயில் இருபது வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். ஆனால் இன்ன வேலை என்று வீட்டில்கூட விளக்கிச் சொன்னதில்லை. சங்க மலருக்குக் கட்டுரை கேட்டதும், இதையே எழுதலாம் என்று தோன்றியது.

முன்பெல்லாம் எந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பேனல் இருக்கும். அதில் வரிசையாகப் பட்டன்கள், விளக்குகள். இப்போது பெரும்பாலும் ஒரு டச் ஸ்கிரீன். இதை எச்.எம்.ஐ. என்போம். எந்திரத்தை நடத்துவது பேனலுக்குள் இருக்கும் பி.எல்.சி. என்ற சிறு கணினி. அதன் நினைவில் உள்ள ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு பெயர் உண்டு. அதை டேக் என்கிறோம். படத்தை டேகோடு இணைப்பதுதான் அனிமேஷன்.

தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் அளக்கும் கருவி 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்பும். 4 என்றால் காலி, 20 என்றால் நிறைவு, 12 என்றால் பாதி. பி.எல்.சி. இதை 0 முதல் 100 வரையான சதவீதமாக மாற்றித் தரும். அதற்கேற்ப நீல நிறம் ஏறி இறங்கும். ஏன் சைபரில் தொடங்காமல் 4? ஒயர் அறுந்தால் மின்னோட்டம் சைபராகிவிடும். அப்போது தொட்டி காலி என்று காட்டக்கூடாது. கருவி பழுது என்று காட்ட வேண்டும்.

சுற்றுகிற விசிறி இன்னும் எளிது. மூன்று இறக்கை விசிறி 120 டிகிரி திரும்பினால் பழையபடியே தெரியும். ஆகவே 30 டிகிரி வித்தியாசத்தில் நாலு படம் வரைந்து, மாற்றி மாற்றிக் காட்டினால் போதும், சுற்றுகிற மாதிரியே இருக்கும். வரைவது அரை மணி வேலை. அதை எந்த டேகோடு இணைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதில்தான் சறுக்கினேன். ஒரு தொழிற்சாலையில் குளிர்நீர் பம்புக்குப் படம் போட்டு, "பம்பை ஓட்டு" என்று பி.எல்.சி. கொடுக்கும் உத்தரவோடு இணைத்துவிட்டேன். ஒரு நாள் இரவு ஷிஃப்டில் மோட்டாரையும் பம்பையும் சேர்க்கும் கப்ளிங் உடைந்தது. மோட்டார் ஓடியது, தண்ணீர் வரவில்லை. எந்திரம் சூடேறி நின்றுபோனது. ஆபரேட்டர் வயதான மராட்டியர். "சாஹேப், ஸ்க்ரீன்வர் தர் ஃபிரதய்!" என்றார். திரையில் சுத்திக்கிட்டுதானே இருக்கு என்று அர்த்தம். கவனக்குறைவு என்று அவருக்கு மெமோ கொடுத்தார்கள். தப்பு என்னுடையது. மேனேஜரிடம் போய் அதைச் சொன்ன பிறகுதான் மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். அதன்பின் அந்தக் குழாயில் நீரோட்டம் பார்க்கும் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்தி, படத்தை அதோடு இணைத்தேன். உத்தரவு போயும் ஐந்து விநாடிக்குள் தண்ணீர் ஓடாவிட்டால் அலாரம் அடிக்கும்.

இது சின்னத் தொழிற்சாலைச் சங்கதி. 1979 மார்ச் 28-ல் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் நடந்ததிலும் இதே கோளாறு இருந்தது. அங்கே ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கோ, "மூடு" என்ற உத்தரவு போனதை மட்டுமே காட்டியது. வால்வு மூடிவிட்டது என்று ஊழியர்கள் நம்பினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறக்குறையப் பாதி உருகிப்போனது.

நிறத்திலும் கவனம் தேவை. மின் விநியோகப் பேனலில் சிவப்பு விளக்கு எரிந்தால் மின்சாரம் போகிறது என்று பொருள். எந்திரப் பேனலில் ஓடுவதற்குப் பச்சை. இரண்டும் உள்ள ஆலையில் புதிய ஆள் குழம்பிப் போவார். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களும் உண்டு. அதனால் நிறத்தோடு "ஓடுகிறது", "நின்றது" என்று எழுத்திலும், அதுவும் ஆபரேட்டர் படிக்கிற மொழியில், போட்டுவிட வேண்டும். இத்திரைகளுக்கென்றே ஐ.எஸ்.ஏ. 101 என்ற தரநிலை 2015-ல் வந்தது. பின்னணியைச் சாம்பல் நிறத்தில் வைத்து, பளிச்சென்ற நிறத்தை அலாரத்துக்கென்று ஒதுக்குவதுதான் இப்போது நல்ல வழக்கம். எல்லாமே மினுக்கினால் ஆபத்து எது என்று தெரியாது.

நம் சங்கக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறைய. இந்த வேலைக்கு வந்தால் ஒன்று செய்யுங்கள். படம் அழகாக வந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். முதலில் ஆபரேட்டரிடம் சொல்லி எந்திரத்தைப் பாதுகாப்பாக நிறுத்தி வையுங்கள். பிறகு சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு, திரை என்ன சொல்கிறது என்று பாருங்கள். நானும் இன்றுவரை அதைச் செய்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன்.