ஓநாய்ப் பள்ளத்துத் தேவாலயம்

ஒலுவில், அக்கரைப்பற்று, கல்முனை முதலிய கிழக்குக் கரையூர்களிலிருந்து வணிகத்தின் பொருட்டுக் கொழும்பு செல்வோர் புறக்கோட்டையை நன்கறிவர். அங்கே பிரதான வீதியோரத்தில், கடைகளின் நெருக்கத்துக்கிடையே, பழைய மணிக்கோபுரம் ஒன்று நிற்கின்றது. கெய்மன் வாயில் என்பது அவ்விடத்தின் பெயர். அந்த மணியைக் கண்டோர் பலர்; அது யாரை அழைப்பதற்கு அங்கே தொங்குகின்றது என எண்ணிப் பார்த்தோர் சிலரே. ஒல்லாந்தர் காலத்தில் அதன் ஓசை கேட்டு மக்கள் வழிபாட்டுக்குச் சென்ற இடம், அருகிலுள்ள மேட்டில் அமைந்த வுல்வெண்டால் தேவாலயமாகும்.

வுல்வெண்டால் என்னும் ஒல்லாந்தச் சொல்லுக்கு ஓநாய்ப் பள்ளம் என்பது பொருள். நகர மதிலுக்கு வெளியே அக்காலத்தில் சதுப்பு நிலம் பரந்து கிடந்தது. அதில் திரிந்த நரிக் கூட்டங்களை ஐரோப்பியர் ஓநாய்கள் என மயங்கியதால் அப்பெயர் வந்தது என்பர். 1749ஆம் ஆண்டில் தொடங்கிய கட்டடவேலை எட்டு ஆண்டுகள் நடைபெற்றது. 1757ஆம் ஆண்டு மார்ச் மாதம் 6ஆம் நாள் தேவாலயம் வழிபாட்டுக்குத் திறந்துவைக்கப்பட்டது. நான்கு கைகளும் ஒத்த நீளமுடைய சிலுவை வடிவில், ஏறக்குறைய ஐந்தடிப் பருமனான சுவர்களுடன், கோட்டைபோல் அது எழுந்தது.

அச்சுவர்களுக்கு ஒப்பான வலிமையை அரசும் அத்திருச்சபைக்கு அளித்திருந்தது. ஒல்லாந்தக் கம்பனியின் ஆட்சியில் சீர்திருத்தச் சபையே அரசாங்கச் சபை. ஞானஸ்நானம் பெறாத சுதேசிக்கு அரசாங்கப் பதவி எளிதிற் கிட்டவில்லை. பிறப்பும் திருமணமும் பள்ளிக்கூடத் தோம்புகளிற் பதியப்பட்டன. கத்தோலிக்கக் குருமார் நாட்டிலே தங்குவதற்குத் தடை இருந்தது. ஆகவே உள்ளத்தால் நம்பியோரும், உத்தியோகத்துக்காக நம்பியோரும் ஒரே ஏட்டில் இடம்பெற்றனர். யார் எவர் எனப் பிரித்தறிய அக்காலத்தில் வழியில்லை.

சமயத்துக்கும் ஆட்சிக்கும் உள்ள இத்தொடர்பைக் கிழக்குக் கரை முன்னரே அறிந்திருந்தது. 1626ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுட் பலரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். அரசின் சினத்துக்கு ஆளான சமயத்தவர், வேறு சமயத்து மன்னன் ஒருவனின் நிழலில் வாழ்வு பெற்றனர்.

ஒல்லாந்து நாட்டிலேயே இதற்கு வேறோர் உதாரணமும் உண்டு. அங்கு மெனோனைற் என்னும் கிறித்தவப் பிரிவினர் வாழ்ந்தனர். வாளெடுத்தலும், அறியாக் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தலும் தகா என்பது அவர்கள் கொள்கை. அதன் பொருட்டு 16ஆம் நூற்றாண்டில் அவர்களுட் பலர் கொல்லப்பட்டனர். பின்னர் ஓரளவு சகிப்பு ஏற்பட்ட காலத்திலும், 1608ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரின் நடுவே சிங்கெல் என்னும் கால்வாயோரத்தில் அவர்கள் அமைத்த வழிபாட்டிடம், தெருவிலிருந்து பார்ப்போருக்குத் தேவாலயமெனத் தோன்றாதவாறு வீடுகளின் பின்னே மறைந்திருந்தது. கோபுரமும் அரச தயவும் இன்றித் தொடங்கிய அச்சபை இன்றும் அவ்விடத்திலேயே கூடுகின்றது.

வுல்வெண்டால் சபைக்குச் சோதனை 1796ஆம் ஆண்டில் வந்தது. கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. பதவிக்கும் ஞானஸ்நானத்துக்கும் இருந்த முடிச்சு அவிழ்ந்ததும், ஏட்டிலிருந்த பெருந்தொகையினர் தத்தம் பழைய சமயங்களுக்கு மீண்டனர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்த கணக்கு சில ஆண்டுகளிற் கரைந்தது. 1813ஆம் ஆண்டில் கோட்டையிலிருந்த பழைய ஒல்லாந்தக் கல்லறைகளின் எச்சங்களும் இத்தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஆட்சி செய்தோர் அங்கே கல்வெட்டுகளாயினர்.

ஆயினும் சபை அழியவில்லை. பறங்கியர் எனப்படும் ஒல்லாந்த வழித்தோன்றல்கள் அதனைப் பேணினர். ஒல்லாந்த மொழி மறைந்து ஆங்கிலம் அதன் இடத்தைப் பெற்றது. புறக்கோட்டை வணிகர் கூடும் இடமாக மாறிய பின்னர் அக்குடும்பங்கள் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தைப் பக்கம் குடிபெயர்ந்தன. 1956ஆம் ஆண்டின் மொழிச் சட்டத்துக்குப் பின் பலர் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றனர். சுற்றிலும் இருந்த அயல் முழுவதும் மாறிவிட்டது. தேவாலயம் மட்டும் இடம்பெயரவில்லை.

ஒல்லாந்தர் விட்டுச் சென்றவற்றுள் கல்லைவிட நிலைத்தது ஒன்று உண்டு. கொழும்பில் 1723ஆம் ஆண்டிற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ என்னும் சுதேசிப் போதகர் புதிய ஏற்பாட்டைத் தமிழிற் பெயர்த்தார். தேவாலயம் திறக்கப்பட்டு இரண்டு ஆண்டுகளின் பின், 1759ஆம் ஆண்டில், அது கொழும்பில் அச்சேறியது. ஆளுவோரின் சமயமாக வந்ததை அவர் மக்களின் மொழிக்குரியதாக்கினார். ஆட்சி நீங்கிய பின்னரும் அச்சபையில் தமிழும் சிங்களமும் வழிபாட்டு மொழிகளாக நின்றன. பதவிக்காக வந்தோர் பதவியோடு போயினர். வேறு பயன் எதையும் நாடாது வந்தோரின் சிறு கூட்டமே அந்த ஐந்தடிச் சுவர்களுக்குள் விளக்கு அணையாமற் காத்து வந்துள்ளது.