கொல்லையில் ஒரு பசுமைக்குடில்

தில்லி மாநகரில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுள் கறிவேப்பிலைக் கன்று ஒன்றேனும் வைத்து வளர்க்காத இல்லம் அரிது. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் தாய்மார்கள் புடலை விதையையும் வெண்டை விதையையும் காகிதத்தில் முடிந்து, அரிசி, அப்பளத்தோடு பெட்டியில் வைத்துக் கொண்டுவருவதும் இன்றளவும் நின்றபாடில்லை. ஆனால் ஐப்பசி வரை தளதளவென்று நின்ற கறிவேப்பிலை மார்கழியில் மஞ்சளித்து இலை உதிர்க்கிறது. தை பிறக்கும்போது வெறும் குச்சியே எஞ்சுகிறது. பங்குனியில் ஊன்றிய புடலை விதையோ கொடி வீசிப் பூக்கும் வேளையில் அனற்காற்றில் அகப்பட்டுக் கருகுகிறது. இவற்றைக் கண்டு, “இந்த ஊர் மண் நம் செடிகளுக்கு ஆகாது” என்று தீர்ப்புக் கூறிவிடுவோர் பலர்.

மண்ணின்மேல் பழி சுமத்துவது முறையன்று. இமயத்தின் அடிவாரக் காடுகளில் கறிவேப்பிலை தானே முளைத்துப் புதராய் மண்டிக் கிடக்கிறது. அங்குள்ளோர் அதனைக் கந்தேலா என்பர். வடநாட்டு மண் அதற்குப் புதிதன்று. குறை எங்கே இருக்கிறதென்றால் காலத்தில் இருக்கிறது. தில்லியில் ஜனவரி மாத இரவுகளின் குறைந்த வெப்பம் சராசரியாக 7, 8 டிகிரி; சில நாட்களில் 3, 4 டிகிரிக்கும் இறங்கிவிடும். 1935ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் சப்தர்ஜங் நிலையத்தில் வெப்பமானி பூஜ்யத்திற்கும் கீழே சென்றது. கறிவேப்பிலையோ ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே துளிர் விடுவதை நிறுத்திக்கொள்ளும். வெண்டை விதை குளிர்ந்த மண்ணில் முளைக்காமல் அழுகும். ஏப்ரல் கடைசியில் மறுமுனையிலிருந்து வெயில் 40 டிகிரியை எட்டிப் பிடிக்கிறது. மே, ஜூனில் ‘லூ’ வீசுகிறது. இவ்விரண்டுக்கும் நடுவே நம் காய்களுக்குக் கிடைக்கும் நாட்கள் மிகச் சில. அந்நாட்களோடு முன்புறத்தில் ஒரு மாதத்தைச் சேர்த்துக் கொடுக்க வல்லது கொல்லையிலே நாமே கட்டிக்கொள்ளும் ஒரு சிறு பசுமைக்குடில்.

யாருக்கு இது வேண்டும், எதற்கு வேண்டும் என்பதை முதலிலேயே தெளிவாக்கிவிடுதல் நன்று. மும்பையில் வாழும் அன்பர்கள் இக்கட்டுரையைப் பொழுதுபோக்காகப் படித்தால் போதும். அங்கே குளிர் இவ்வளவு இல்லை. தில்லி, சண்டிகர், லக்னோ, ஜெய்ப்பூர் ஆகிய நகரங்களில் இருப்போர்க்கே இது பயன்படும். அவ்வூர்களிலும் கோசு, காலிபிளவர், பட்டாணி, காரட், வெந்தயக்கீரை போன்றவற்றைக் குடிலுக்குள் வைப்பது வீண். அவை குளிரை விரும்புபவை. திறந்த வெளியிலேயே சுவையாய் விளையும். குடில் நம் ஊர்ப் பயிர்களுக்கு உரியது: புடல், பீர்க்கு, பாகல், வெண்டை, கத்தரி, தக்காளி ஆகியவற்றின் நாற்றுகள், தொட்டியில் உள்ள கறிவேப்பிலை, வெற்றிலை, முதல் குளிர்காலத்தைக் காணும் முருங்கைக் கன்று. மணிப்பிளான்ட் வளர்ப்பதற்குக் குடில் கட்டுவோரைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

நம்மில் பலர் பெங்களூர் லால்பாக் கண்ணாடி மாளிகையைக் கண்டிருப்போம். 1889இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அம்மாளிகை மலர்க் கண்காட்சிக்காகவே பேர் பெற்றது. நாம் கூறும் குடில் அத்தகைய காட்சிப்பொருளன்று. வெயில் உள்ளே புகுந்து மண்ணையும் சுவரையும் சூடாக்குகிறது. அவை தம்மைத் தொட்ட காற்றைச் சூடாக்குகின்றன. அக்காற்று மேலெழுந்து ஓடிவிடாமல் தாள் தடுக்கிறது. கண்ணாடியானது வெப்பக் கதிர்களைச் சிறைப்பிடிப்பதாலேயே உள்ளே சூடு நிற்கிறது என்று பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். அமெரிக்க இயற்பியல் அறிஞர் உட் என்பார் 1909இல் ஒரு பெட்டிக்குக் கண்ணாடி மூடியும், மற்றொன்றுக்கு வெப்பக் கதிர்களைத் தடுக்காத பாறையுப்பு மூடியும் இட்டு வெயிலில் வைத்துப் பார்த்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறின. காற்றை அடைத்து வைப்பதே பெரும்பங்கு என்பது இதனால் விளங்கிற்று.

இது நமக்கு ஏன் முக்கியம்? பாலித்தீன் தாள் வெப்பக் கதிர்களைப் பெரிதும் தடுப்பதில்லை. ஆகவே மேகமற்ற குளிரிரவில், பகலில் சேர்ந்த சூடு தாள் வழியே வானுக்கு ஏறிவிடும். விடியற்காலையில் உள்ளேயும் வெளியேயும் குளிர் ஒன்றாகவே இருக்கக்கூடும். “தாள் கட்டினோம், செடி பிழைக்கவில்லை” என்று அலுத்துக்கொள்வோர் பெரும்பாலும் இதனை அறியாதவர்களே. பகற்சூட்டை இரவுக்குச் சேமித்து வைக்க ஒரு பொருள் உள்ளே வேண்டும். லே நகரத்தில், இரவுக் குளிர் பூஜ்யத்திற்குக் கீழே 15 டிகிரிக்கும் இறங்கும் நாட்டில், மக்கள் மூன்று புறமும் கனத்த மண்கல் சுவர் எழுப்பித் தென்புறம் மட்டும் தாள் இட்டுக் கீரை வளர்க்கிறார்கள். பகலில் சுவர் குடித்த வெயிலை இரவில் செடிக்குத் திருப்பித் தருகிறது. தில்லியில் அத்தனை பாடு வேண்டியதில்லை. நம் வீட்டின் தெற்கு நோக்கிய செங்கல் சுவரே ஒரு புறம் ஆகட்டும். அதனை ஒட்டிச் சாய்ப்பாகக் குடிலை இறக்கிவிடலாம்.

இடம் தேர்வதில் அவசரம் கூடாது. டிசம்பர் 21ஆம் நாள் நண்பகலில் சென்னையில் சூரியன் ஏறத்தாழ 53 டிகிரி உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 டிகிரிதான். பத்தடி மதிற்சுவரின் நிழல் அன்று சென்னையில் ஏழரை அடிக்குள் அடங்கும். தில்லியிலோ பதின்மூன்று அடி நீளும். அக்டோபரில் வெயில் பளிச்சென்று விழுந்த மூலை மார்கழியில் முழுநேர நிழலாக மாறிவிடுவதன் காரணம் இதுவே. முந்தைய குளிர்காலத்திலேயே வெயில் விழும் இடத்தைச் சுண்ணாம்புக் கோடிட்டுக் குறித்து வைப்பது உத்தமம். காலை 10 மணி முதல் மாலை 3 மணி வரை தடையின்றி வெயில் விழாத இடத்தில் குடில் கட்டிப் பயனில்லை. கொல்லை இல்லாத மாடிக் குடியிருப்பினர் மொட்டைமாடியில் கட்டலாம்; காற்று அங்கே கடுமையாதலால் கட்டு இரட்டிப்பாக இருக்கவேண்டும்.

அளவு பத்தடி நீளம், ஆறடி அகலம் போதும். சுவரோரம் ஏழடி உயரம், முன்புறம் ஐந்தடி. சட்டத்திற்கு மூங்கிலோ, துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயோ கொள்ளலாம். நம்மில் பெரும்பாலோர் வாடகை வீட்டிலோ அரசாங்கக் குடியிருப்பிலோ வாழ்பவர்கள். மாற்றல் உத்தரவு என்று வருமோ தெரியாது. ஆதலால் சிமெண்டு அஸ்திவாரம் போடாமல், முளைகளை அடித்துக் கயிற்றாலும் திருகாணியாலும் பூட்டிக் கொள்வதே அறிவுடைமை. கழற்றி லாரியில் ஏற்றிவிடலாம். வீட்டுக்காரரும் குறை சொல்ல இடமிராது. தாள் வாங்குகையில் மட்டும் சிக்கனம் பாராட்டல் ஆகாது. கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண பாலித்தீன் வெயில் பட்டு ஒரு கோடைக்குள் நொறுங்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி பதப்படுத்திய 200 மைக்ரான் தாள் என்று கேட்டு வாங்க வேண்டும். மூன்று ஆண்டுகள் உழைக்கும். இரும்புக் குழாய் வெயிலில் காய்ந்து தாளைச் சுடுமாதலால், தாள் படும் இடமெல்லாம் பழந்துணி சுற்றிவிடுவது நல்லது. ஆணியைத் தாளின்மேல் நேராக அடித்தால் கிழியும். மரச்சட்டத்தை மேலே வைத்து அதன்மேல் அடிக்க வேண்டும். தாளின் கீழ் விளிம்பை ஓரடி ஆழப் பள்ளத்தில் புதைத்து மண் தள்ளி மிதித்துவிட்டால் காற்றும் புகாது, எலியும் எளிதில் புகாது.

சுவரோரம் சமையல் எண்ணெய் வந்த 15 லிட்டர் டின்கள் பன்னிரண்டைக் கறுப்பு வண்ணம் பூசி, நீர் நிரப்பி அடுக்கி வைப்பது நாம் பெரிதும் பரிந்துரைக்கும் ஏற்பாடு. 180 லிட்டர் நீர் இரவில் 10 டிகிரி குளிர்ந்தால், ஆயிரம் வாட் மின் அடுப்பு இரண்டு மணி நேரம் எரிந்த சூட்டுக்குச் சமமானதை உள்ளே விட்டுக் குளிரும். மின்சாரக் கட்டணம் ஒரு காசும் இல்லை. கடுங்குளிர் இரவுகளில் நாற்றுத் தட்டின்மேல் பழைய போர்வையோ சாக்கோ போர்த்தி, காலையில் எடுத்துவிட வேண்டும்.

இனி, கட்டிய குடிலைக் காப்பது. இங்கேதான் பெரும்பாலோர் ஆர்வம் தளர்ந்துவிடுகிறார்கள். குடில் என்பது அடுப்பைப்போல ஆள் பார்க்க வேண்டிய பொருள். தெளிந்த ஜனவரி நாளில் வெளியே 20 டிகிரி இருக்கையில், மூடிய குடிலுக்குள் நண்பகலில் 35ஐயும் தாண்டும். இரவில் குளிராலும் பகலில் புழுக்கத்தாலும் நாற்று இரட்டைத் துன்பம் படும். தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது திறப்பு இருக்கவேண்டும். கூரையின் உச்சியை ஒட்டி ஒன்றும், கீழே கதவுமாக அமைத்தால் காற்று தானே ஓடும். காலை பத்து மணி சுமாருக்குத் திறந்து, வெயில் சாயுமுன் மூன்றரைக்கெல்லாம் மூடிவிட வேண்டும். சூடு இருக்கும்போதே மூடினால்தான் டின்களில் சேர்ந்தது இரவுக்கு உதவும். அலுவலகம் செல்வோர்க்கு இது இயலாது. வீட்டில் இருக்கும் பெரியோர்களே இதற்குத் தகுந்தவர்கள். ஊரிலிருந்து மகன் வீட்டிற்கு வந்து, பேச்சுத்துணையின்றிப் பகலெல்லாம் அறைக்குள் போர்வையோடு அமர்ந்திருக்கும் தந்தையார் பலரை நாம் அறிவோம். வெயில் விழும் அவ்விடத்தில் ஒரு முக்காலியும் போட்டுவிட்டால் குடிலுக்குக் காவல். அவருக்கும் குளிர் காய இடம்.

பனிமூட்டம் கவிந்து இரண்டு மூன்று நாள் சூரியன் முகம் காட்டாத காலமும் உண்டு. அந்நாட்களில் குடிலும் குளிர்ந்தே கிடக்கும். நீர் ஊற்றுவதை நிறுத்திவிடுவதே மருந்து. மற்ற நாட்களிலும் காலையில் மட்டுமே, அதுவும் இலை நனையாமல் வேரில் விடவேண்டும். மாலையில் ஊற்றிய நீர் இரவெல்லாம் நின்று நாற்றின் கழுத்தை அழுகச் செய்யும். நவம்பர் புகையும் புழுதியும் தாளில் படிந்து வெயிலை மறைப்பது தில்லிக்கே உரிய தொல்லை. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தல் தவறக்கூடாது.

பொங்கல் முடிந்த கையோடு விதைப்பைத் தொடங்கலாம். குளிரில் மாவு புளிக்காமல், இட்லி மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பங்கரையில் வைக்கும் பழக்கம் இங்கு எல்லா வீட்டிலும் உண்டு. மாவு புளிக்கும் கதகதப்பே விதை முளைப்பதற்கும் ஏற்றது. புடல், பாகல் விதைகளை ஓரிரவு நீரில் ஊறவைத்து, ஈரத்துணியில் முடிந்து அப்பாத்திரத்தருகே வைத்தால் சில நாட்களில் முளை காணும். முளைத்ததை, மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிய சிறு பாலித்தீன் பைகளில் ஊன்றிக் குடிலுக்குள் வைக்க வேண்டும். கொடி வகைகளின் வேர் தொந்தரவைப் பொறுக்காதாகையால் தட்டில் விதைத்துப் பிடுங்கி நடுதல் கூடாது. நான்கு வாரத்தில் மூன்று நான்கு இலை விட்டிருக்கும். பிப்ரவரி பாதிக்குமேல் பகலில் வெளியே வைத்து, மாலையில் உள்ளே எடுத்து, ஒரு வாரம் பழக்கியபின் நிலத்தில் நட்டுவிடலாம். மார்ச்சில் விதைப்போர் முளையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் இவர்கள் கொடி கொழுகொம்பைப் பற்றியிருக்கும். லூ வீசுமுன் காய் பறிப்பதற்கு இந்த ஒரு மாதமே ஆதாரம்.

உள்ளேயே தக்காளியைக் காய்க்கவிட விரும்புவோர் திறப்புகளுக்கு நுண்வலை அடிக்க வேண்டும்; வெள்ளை ஈ புகுந்தால் இலைச்சுருள் நோய் தப்பாது. வலைக்குள் தேனீயும் வாராதாகையால், நண்பகலில் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். சிறுவர்களிடம் இவ்வேலையை விட்டால் விரும்பிச் செய்வார்கள்; சற்று அதிகமாகவே தட்டுவார்கள்.

மார்ச் நடுவில் தாளைக் கழற்றிவிடுதல் வேண்டும். ஏப்ரலில் எழும் புழுதிப் புயலாகிய ‘ஆந்தி’ தாளைக் கிழித்துப் பக்கத்து வீட்டு மாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிடும். அன்றியும் அந்த வெயிலில் மூடிய குடில் செடிகளை அவித்துவிடும். தாளைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சுருட்டிப் பரணில் வைக்கலாம். டின்களின் நீரைக் கொசு சேருமுன் பாத்திக்குப் பாய்ச்சிவிடலாம். நிற்கும் சட்டத்தின்மேல் குறுக்கே கயிறு ஓட்டிவிட்டால் அதுவே பந்தல். முன்புறம் நட்ட புடலங்கொடியை அதன்மேல் ஏற்றிவிட்டு, வெற்றிலைத் தொட்டியையும் கறிவேப்பிலைத் தொட்டியையும் கீழே நிழலில் தள்ளி வைக்கவேண்டும். ஏப்ரல் நடுவில் பிஞ்சுகள் தொங்கத் தொடங்கும். அவை சுருளாமல் நீள்வதற்கு நுனியில் கட்டச் சிறு கற்களை முன்னதாகவே பொறுக்கி வைத்துக்கொள்க.