சாரதி ஆசனத்திலிருந்தே டைமிங் மாற்றலாம்: வாங்கு முன் கணக்குப் பாருங்கள்

மாவனல்லையில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறும் பழைய பெற்றோல் வேன் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாதி ஏற்றத்தில் எஞ்சினுக்குள் சில்லறைக் காசைக் குலுக்குவது போல் ஒரு சத்தம் கேட்கின்றது. மெக்கானிக்மார் இதனை 'நொக்கிங்' என்பர். சத்தம்தானே என்று விட்டுவிட்டால் ஒருநாள் பிஸ்டன் ஓட்டையாகி வாகனம் கராஜில் நிற்கும். வியாபாரிக்கு வாகனம் நின்றால் வருமானமும் நின்றுவிடும்.

இச்சத்தத்திற்கு முக்கிய காரணங்களில் ஒன்று ஸ்பார்க் டைமிங் ஆகும். பெற்றோல் புகை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும். ஆகவே பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சில பாகைகள் முன்னதாகவே பிளக் தீப்பொறியைத் தர வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 தடவை சுழலும்போது ஒரு சுற்றுக்குக் கிடைப்பது ஒரு வினாடியின் 50 இல் ஒரு பங்கு மட்டுமே. அதனால் வேகம் கூடக்கூட தீப்பொறியும் முந்த வேண்டியுள்ளது. ஆனால் பாரம் அதிகமாகி, பெற்றோலின் ஒக்டேனும் குறைவாக இருந்தால் அதே முந்தல் நொக்கிங்கை உண்டாக்குகின்றது. மாறாக, தீப்பொறி பிந்தினால் இழுவை குறைந்து, எஞ்சின் சூடேறி, பெற்றோலும் வீணாகின்றது.

சாரதியே டைமிங்கை மாற்றுவது புதிய விடயமல்ல. 1908 முதல் 1927 வரை தயாரான ஃபோர்ட் மொடல் டி காரில் ஸ்டியரிங்கின் இடப்புறம் இதற்கென்றே ஒரு கைப்பிடி இருந்தது. அதைப் பின்தள்ளாமல் முன்பக்கக் கம்பியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்தவர்களின் கையைக் கம்பி திருப்பியடித்து முறித்ததுமுண்டு. பின்னர் வேகத்திற்கேற்ப விரியும் எடைகளும் வெக்குவம் கருவியும் அவ்வேலையைத் தாமாகவே செய்யத் தொடங்கின. அவை பொருத்தப்பட்ட டிஸ்ரிபியூட்டரைத்தான் நமது கராஜ்களில் 'டெல்கோ' என்கிறோம். 1909 இல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் தொடங்கப்பட்ட நிறுவனமொன்றின் பெயர்ச் சுருக்கமே அது.

இன்று சந்தையிலுள்ள இலத்திரனியல் கருவி அந்தப் பழைய கைப்பிடியின் மறுபிறவி எனலாம். அமெரிக்காவின் எம்.எஸ்.டி. தயாரிப்பு இதற்கொரு உதாரணம். டேஷ்போட்டில் பொருத்தும் சிறிய குமிழைத் திருப்பினால் தீப்பொறியை 15 பாகை வரை பின்தள்ளலாம். பாரத்துடன் ஏற்றம் ஏறும்போது சற்றுப் பின்தள்ளி, சமதரையில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம்.

இங்குதான் நமது வர்த்தகர்கள் சில விடயங்களைக் கவனத்திற்கொள்ள வேண்டும்.

முதலாவது, இக்கருவியால் டெல்கோ தரும் சமிக்ஞையைத் தாமதிக்க மட்டுமே முடியும். முந்தச் செய்ய முடியாது. எனவே டெல்கோவை முன்கூட்டியே சற்று முந்திய நிலையில் வைத்துப் பொருத்த வேண்டும். இது தெரியாதவரிடம் கொடுத்தால் காசும் போய் எஞ்சினும் போகும்.

இரண்டாவது, குமிழை மட்டும் வாங்கிப் பயனில்லை. அதனுடன் இணையும் இலத்திரனியல் இக்னிஷன் பெட்டியும் தேவை. விலை கேட்கும்போது இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மூன்றாவது, டீசல் வாகனத்தில் தீப்பொறியே கிடையாது. எனவே இது அதற்குப் பொருந்தாது. கணினியால் இயங்கும் புதிய பெற்றோல் வாகனங்களில் நொக் சென்சர் சத்தத்தை உணர, கணினியே டைமிங்கைத் திருத்திக்கொள்ளும். அவற்றுக்கும் இது வீண் செலவே.

நான்காவது, வாகனத்தைச் சம்பளத்துக்கு ஓட்டும் சாரதியிடம் கொடுப்பவர்கள் நன்கு யோசிக்க வேண்டும். குமிழ் எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியாத கையில் அது ஆபத்தானது.

'பெற்றோல் பாதியாகக் குறையும்' என்று எவராவது சொன்னால் நம்பி விடாதீர்கள். ஒரு கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 10 லீற்றர் செலவாகும் வேனில் நூற்றுக்கு 3 வீதம் மீதமாவதாக வைத்துக்கொண்டாலும், மாதம் 25 நாள் ஓடினால் கிடைப்பது ஏழரை லீற்றர் மாத்திரமே. அதன் பெறுமதியால் கருவியின் மொத்தச் செலவைப் பிரித்தால் எத்தனை மாதத்தில் முதல் திரும்பும் என்பது தெரிந்துவிடும்.

அதற்கு முன் செலவு குறைந்த வழியொன்று உண்டு. டெல்கோவின் பொயின்ட், வெக்குவம் குழாய், பிளக் ஆகியவற்றைச் சோதித்து, டைமிங் லைட் வைத்துச் சரிபார்க்கும் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் வாகனத்தைக் காட்டுங்கள். ஒரு மாதம் லீற்றரையும் கிலோமீற்றரையும் கொப்பியில் எழுதி வாருங்கள். அதன் பின்பும் ஏற்றத்தில் சத்தம் கேட்டால் மாத்திரம் குமிழைப் பற்றி யோசிக்கலாம். கடைக்குச் சரக்கு வாங்கும்போது பார்க்கும் அதே கணக்கை வாகனத்துக்குப் பொருள் வாங்கும்போதும் பார்ப்பதுதான் வியாபாரிக்கு அழகு.