பிக்கப்பின் முன்பக்க ஆட்டம்: வீட்டு முற்றத்தில் எதைச் செய்யலாம்?

கிராமத்தில் ஒரு பிக்கப் ஓடுகிறதென்றால் அதை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கும். நெல் மூடையும் மரக்கறியும் அதிலேதான் சந்தைக்குப் போகின்றன. நடுச்சாமத்தில் நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் அதிலேதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், விலையும் வரியும் சாதாரண விவசாயிக்கு எட்டாதனவாகவே இருந்தன. எனவே இருபது, முப்பது வருடம் ஓடிய வாகனங்களைத் திருத்தித் திருத்தியே ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

எஞ்சின் பழுதானால் வாகனம் நின்றுவிடும். முன்பக்கக் கீழ் போல் ஜொயின்ட் கழன்றால் நிலைமை வேறு. சில்லு வெளியே மடிந்து விழ, ஸ்டியரிங் பயனற்றுப் போகும். எதிரே பஸ் வருமிடத்தில் அது நடந்தால் என்னவாகும் என்று நாம் சொல்லத் தேவையில்லை. ஆகவே முன்பக்கத்தில் மாற்றவேண்டிய சாமான்கள் பல இருந்து, கையில் பணம் கொஞ்சமே இருந்தால், எடையைத் தாங்கும் ஜொயின்ட்டுக்கே முதலிடம் கொடுக்க வேண்டும். சொக் அப்சோபர் அடுத்த அறுவடை வரை பொறுக்கலாம்.

பழைய பிக்கப்கள் பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு முன் சில்லும் மேல் ஆம், கீழ் ஆம் என்ற இரண்டு கைகளால் பிடிக்கப்பட்டிருக்கும். கைகளின் வெளிமுனையில் போல் ஜொயின்ட், உள்முனையில் றப்பர் புஷ். போல் ஜொயின்ட் எங்கள் இடுப்பு மூட்டைப் போன்றது. கிண்ணத்துக்குள் உருளும் ஒரு குண்டு. அதை மூடியிருக்கும் றப்பர் உறை கிழிந்தால் கிறவல் தூசியும் சேற்று நீரும் உள்ளே போகும். அதன் பின்னர் கிறீஸ் அடித்தும் பயனில்லை.

கிடங்குகளில் விழும்போது "டக் டக்" என்ற சத்தம், ரயரின் ஒரு ஓரம் மட்டும் தேய்தல், நேர்ப்பாதையில் வாகனம் ஒரு பக்கம் இழுத்தல் ஆகியன அறிகுறிகள். ஆனால் சத்தத்தை மட்டும் வைத்துச் சாமான் வாங்கக் கூடாது. சில்லைத் தூக்கிவிட்டு மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் பழுது பெயரிங்கில். நிற்காவிட்டால் போல் ஜொயின்ட்டைப் பார்க்க வேண்டும். இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும் ரை ரொட் எண்டில் இருக்கும்.

எங்கே ஜக் வைப்பது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஸ்பிரிங் அல்லது டோர்ஷன் பார் கீழ் ஆமில் பொருத்தப்பட்டிருந்தால், ஜக்கைக் கீழ் ஆமின் அடியில், ஜொயின்ட்டுக்கு அருகில் வைக்க வேண்டும். மேல் ஆமில் பொருத்தப்பட்டிருந்தால் செசியில் வைக்க வேண்டும். மாறி வைத்தால் ஸ்பிரிங்கின் அழுத்தம் ஜொயின்ட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை மறைத்துவிடும். பிறகு ரயரின் கீழே அலவாங்கைக் கொடுத்து மெதுவாக நெம்பினால், தேய்ந்த ஜொயின்ட் மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரியும்.

வேலை தொடங்குமுன் பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். செசியை இரும்பு ஸ்டாண்டில் இருத்துங்கள். சீமெந்துக் கல்லின் மேல் வாகனத்தை நிறுத்தும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும். அது முன்னறிவிப்பின்றி நொறுங்கும். கழற்றிய சில்லைச் செசியின் கீழே படுக்க வைத்தால் இன்னொரு காவல்.

டோர்ஷன் பார் என்பது முறுக்கி வைக்கப்பட்ட இரும்புத் தண்டு. ஸ்பிரிங்கின் வேலையை அதுவே செய்கிறது. அதன் பின்முனையில் நீண்ட சரிசெய் போல்ட் ஒன்று உண்டு. அதைத் தளர்த்துமுன், வெளியே நீட்டி நிற்கும் மரையை அளந்து, உதாரணமாக "இடது 27 மி.மீ." என்று எழுதிக்கொள்ளுங்கள். தண்டும் அதைப் பிடிக்கும் பகுதியும் சேரும் இடத்தில் பெயின்ற் கோடு இழுங்கள். இடது தண்டை வலது பக்கம் மாற்றிப் போடக் கூடாது. முறுக்கம் முழுவதும் விட்ட பின்னரே ஜொயின்ட்டில் கை வைக்க வேண்டும். 2004இல் வந்த ஹைலக்ஸ் விகோ போன்றவற்றில் முன்னால் இருப்பது சுருள் ஸ்பிரிங். அதை அமுக்கிப் பிடிக்கும் சரியான கருவி இல்லாதவர்கள் அந்த வேலையைக் கராஜுக்கே கொடுக்கட்டும். கம்பியாலும் கயிற்றாலும் கட்டிச் சமாளிக்கும் சாமர்த்தியம் இங்கே வேண்டாம்.

ஜொயின்ட்டைக் கழற்றும்போது பின்னை எடுத்து நட்டைச் சில சுற்றுத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்ற வேண்டாம். நக்கிளில் ஜொயின்ட் நுழையும் கண்ணின் ஒரு பக்கம் பாரமான சுத்தியலைத் தாங்கி, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஓங்கி அடித்தால் பிடி விட்டுவிடும். விட்டிருக்கும் நட்டு, ஆம் திடீரென விழாமல் தடுக்கும். பிறேக் பகுதியைக் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் செசியில் கட்டி வையுங்கள். புதிய ஜொயின்ட்டின் கூம்புப் பகுதியில் கிறீஸ் பூச வேண்டாம். நட்டை இறுக்கிய பின் பின் துவாரம் நேராக வராவிட்டால் இன்னும் சற்று இறுக்கலாம், ஒருபோதும் தளர்த்தக் கூடாது. பின் புதியதாகவே இருக்கட்டும்.

புஷ் மாற்றியவர்கள், "ஆறு மாதத்திலேயே கிழிந்துவிட்டது, சாமான் சரியில்லை" என்று குறைப்படுவதுண்டு. சாமான் மட்டமானதாகவும் இருக்கலாம். ஆனால் ஆம் கீழே தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முற்றாக இறுக்கிவிடுவது அடிக்கடி காணப்படும் காரணம். அப்படி இறுக்கினால் வாகனம் நிலத்தில் நிற்கும் நேரமெல்லாம் றப்பர் முறுகியபடியே இருக்கும். முதலில் போல்ட்டை இலேசாகப் பூட்டி, டோர்ஷன் பாரைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, சில்லைப் போட்டு இறக்குங்கள். முன்னும் பின்னும் சற்று உருட்டி, இரு பக்க உயரமும் சமமா என்று பார்த்த பின்னரே இறுதியாக இறுக்க வேண்டும். புஷ்ஷை உள்ளே செலுத்தச் சவர்க்கார நீர் போதும். எஞ்சின் ஒயிலும் கிறீஸும் சாதாரண றப்பரைக் கெடுக்கும்.

பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய சாமான் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. வளையாத, வெடிப்பில்லாத பழைய ஆம் வாங்கலாம். பழைய போல் ஜொயின்ட்டும் பழைய புஷ்ஷும் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். புதியதை வாங்கும்போதும் கையால் அசைத்துப் பாருங்கள். எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கமாக அசைய வேண்டும். உறையில் வெடிப்பு இருக்கக் கூடாது.

ரை ரொட் எண்டை மாற்றுபவர்கள் பழையதைக் கழற்றும்போது எத்தனை சுற்றில் வந்தது என்று எண்ணி, புதியதை அதே அளவுக்குப் பூட்டுங்கள். அது அலைன்மென்ட் பார்க்கும் இடம்வரை வாகனத்தை மெதுவாகக் கொண்டு செல்ல மட்டுமே உதவும். அலைன்மென்ட் செய்யாமல் ஓடினால் நல்ல ரயரும் சீக்கிரமே தேய்ந்துவிடும். முதல் 100 கி.மீ. பாரமின்றி ஓடி, சில்லு நட்டுகளையும் ஜொயின்ட் போல்ட்டுகளையும் மறுபடி ஒருமுறை இறுக்கிப் பார்த்த பின்னர் மூடை ஏற்றலாம்.