அந்திப் பொழுதில் அடிநாதம்

கச்சேரி மேடையிலே பாடுபவரைச் சபை அறியும். மிருதங்கம் வாசிப்பவரையும் அறியும். பின்னாலிருந்து தம்புரா மீட்டுபவரின் பெயரை வினவியவர் எவரேனும் உளரோ? ஆயினும், அவர் விரல் தந்தியை விட்டு ஒரு கணம் விலகுமாயின், பாடகரின் முகம் மாறுவதைக் காணலாம். உள்ளபோது எவர் கருத்திலும் படாது, இல்லாதபோது எல்லோர் கருத்திலும் படுகின்ற இத்தகைய இடமொன்று மேனாட்டு மெல்லிசையிலும் உண்டு. அவ்விடத்தை வகிப்பது பேஸ் கிற்றார் என்னும் மந்தரக் கிற்றார்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, அறுபத்தாறு வயதையும் கடந்த நான், ஏறத்தாழ நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் அக்கருவியை மீண்டும் கையிலெடுத்திருக்கிறேன். “மாஸ்ரர், இந்த வயதிலை உதென்ன விளையாட்டு?” என்று கேட்கும் அயலவர் உளர். தேவாரம் ஓதலாம், பூங்கன்று நாட்டலாம், பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கலாம், இளைஞருக்குரிய மின்சாரக் கருவி முதியோருக்கு எதற்கு என்பது அவர்தம் ஐயம். அவர்களுக்கு நான் கூறும் விடை இக்கட்டுரை.

இளைஞருக்குரியது என்று கருதப்படும் இக்கருவி உண்மையில் என்னைவிடச் சில ஆண்டுகள் மூத்தது. இதற்கு முன்னோடிகள் 1930களிலேயே தோன்றினவெனினும், 1951 ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் லியோ பென்டர் என்பார் தமது கருவியை விற்பனைக்குக் கொணர்ந்த பின்னரே அது பரவலாயிற்று. அதற்கு முன் கீழ்ச்சுரம் வாசிப்போர் ஆளுயரத்தையும் விஞ்சிய டபிள் பேஸ் என்னும் பெருங்கருவியைச் சுமந்து திரிந்தனர். மின்கிற்றாரும் டிறம்மும் முழங்கும் மண்டபத்திலே அதன் ஓசை அமிழ்ந்துபோயிற்று. கழுத்திலே மெட்டுக்கள் இல்லாமையால், சுரத்தானத்தை விரலின் பழக்கம் ஒன்றைக் கொண்டே கண்டறியவும் வேண்டியிருந்தது. பென்டர், வீணையிற் போலக் கழுத்திலே மெட்டுக்களை நிறுத்தினார்; தந்தியின் நீளத்தை 34 அங்குலமாக வகுத்தார்; அதன் அதிர்வைக் காந்தச் சுருளினால் மின்னோட்டமாக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினார். சுரம் பிசகாது என்பதுபற்றியே அதற்குத் ‘துல்லிய பேஸ்’ எனப் பொருள்படும் பெயரையும் சூட்டினார். அதன் தந்திகள் நான்கு. அவற்றுள் மிகத் தடித்தது செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. மனிதச் செவிக்கு எட்டும் ஒலியின் கீழெல்லை ஏறக்குறைய 20 அதிர்வே என்பதை நினைவுகூரின், அந்நாதம் எத்துணை ஆழத்தினின்றும் எழுகிறது என்பது புலனாகும்.

இக்கருவியின் தொழில் இருவகைத்து. டிறம்மோடு சேர்ந்து காலப்பிரமாணத்தைக் காப்பது ஒன்று. மேலே ஒலிக்கும் சுரக்கூட்டத்துக்கு அடி இதுவெனக் காட்டுவது மற்றொன்று. இரண்டையும் செவ்வனே செய்பவரைக் கேட்போர் கவனிப்பதில்லை. டெட்ரோயிற் நகரின் மோட்டவுன் கூடத்திலே 1960களிற் பதிவான எண்ணிறந்த பாடல்களுக்கு மந்தரம் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றினாலேயே அவர் தந்திகளை மீட்டினார். உலகமே அவ்வாசிப்புக்கு ஆடிற்று. இசைத்தட்டின் உறையிலோ அவர் பெயர் இல்லை. 1971 இல் மார்வின் கேய் வெளியிட்ட இசைத்தட்டிலே அவர் பெயர் அச்சேறியபோது, அவருடைய சிறந்த காலத்திற் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். 1970களின் பிற்பகுதியிலே யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில், திருவிழா இரவுகளில், மெல்லிசைக் குழுக்கள் மேடையேறுவது வழக்கம். அத்தகைய குழுவொன்றிலே அறுவர் இருந்தோம். 1976 இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரையுலகிற் புகுந்த இளையராஜாவின் பாடல்களை எல்லா ஊர்களும் விரும்பிக் கேட்ட காலம் அது. அவருடைய பாடல்களிலே பேஸ் கிற்றார், பாடகரின் குரலைத் தாங்கிக்கொண்டே தானும் தனியொரு மெட்டாக நடைபோடும். அவற்றை வானொலியிற் கேட்டே படித்தோம். சிறிய றேடியோப் பெட்டியின் ஒலிபெருக்கி அத்துணைத் தாழ்ந்த சுரத்தை எழுப்ப வல்லதன்று. எனினும், அச்சுரத்தோடு மேலெழும் இணைச்சுரங்களைக் கொண்டு, இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே கற்பித்துக்கொள்கிறது என்பது ஒலியியலார் கண்ட உண்மை. ஆகவே, ஏனைய ஐவரும் காதிலே கேட்டதை வாசித்தனர். நான் கேளாததையும் வாசிக்கப் பழகினேன்.

1983 இன் பின் இரவு விழாக்கள் அருகின. குழுவினர் ஒருவர் பின் ஒருவராகக் கடல் கடந்தனர். 1990 இலே குடாநாட்டில் மின்சாரம் நின்றது. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்திலே செய்தி கேட்டோம். வயலினும் வீணையும் அந்நாட்களிலும் பேசின. மின்சாரம் அற்ற ஊரிலே பேஸ் கிற்றார் வெறும் பலகை. பின்னிரவின் அமைதியிலே அதன் உடலோடு தாடையைச் சேர்த்து வைத்து மீட்டினால், எலும்பின் வழியாக ஒரு முணுமுணுப்புக் கேட்கும்; அவ்வளவே. 1995 ஐப்பசியில் வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறியபோது, எதனை எடுத்துச் செல்வது என்ற வினாவுக்கு அரிசியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களுமே விடையாயின. திரும்பி வந்தபோது வீட்டின் சுவர்கள் நின்றன, கிற்றார் இல்லை. அதற்காக நான் அழவில்லை. அழுவதற்குரியவை வேறு பல இருந்தன.

இத்தகைய நெடிய மௌனத்தைக் கடந்துவந்த ஒருவரின் வரலாறே என்னை மீண்டும் தூண்டியது. ஹென்றி கிறைம்ஸ் என்பவர் 1935 இல் பிலடெல்பியாவிற் பிறந்த டபிள் பேஸ் கலைஞர். சொனி றொலின்ஸ் முதலிய ஜாஸ் மேதைகளோடு வாசித்தவர். 1960களின் பிற்பகுதியிலே அமெரிக்காவின் மேற்குக் கரைக்குச் சென்ற அவர், பழுதுற்ற கருவியைத் திருத்தப் பொருளின்றி அதனை விற்றுவிட்டார். இசையுலகம் அவரை மறந்தது. அவர் இறந்துவிட்டார் என்றே பலரும் எண்ணினர். லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் சிற்றறையொன்றில் வாழ்ந்து, துப்புரவு முதலாய தொழில்கள் செய்து, கவிதைகள் எழுதிவந்த அவரை 2002 இல் இசையன்பர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். வில்லியம் பார்க்கர் என்ற பேஸ் கலைஞர் கருவியொன்றை அவருக்கு அன்பளிப்பாக அனுப்பினார். முப்பதாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின், 2003 இல், தமது அறுபத்தேழாவது வயதிலே கிறைம்ஸ் நியூயோர்க்கில் மேடையேறினார். அதன் பின்னும் பல்லாண்டு வாசித்து, 2020 இலே மறைந்தார்.

இத்தனை காலத்தின் பின்னும் கை எவ்வாறு நினைவு வைத்திருக்கிறது? பெயர்களையும் நிகழ்ச்சிகளையும் காக்கும் நினைவு வேறு. கைப்பழக்கத்தைக் காக்கும் நினைவு வேறு. மூளைச் சத்திரசிகிச்சையின் பின் புதிய நிகழ்ச்சிகளை நினைவிற் கொள்ளும் ஆற்றலை இழந்த ஒருவர், கண்ணாடியிற் பார்த்து விண்மீன் வடிவை வரையும் பயிற்சியிலே நாளுக்கு நாள் தேறினார். முன்னாள் தாம் அதனைப் பயின்றதையே அவர் அறியார். பிரெண்டா மில்னர் என்ற ஆராய்ச்சியாளர் 1962 இல் இதனை வெளியிட்டார். என் விரல்களும் அவ்வாறே, பாட்டின் பெயர் நாவில் வருமுன் அதன் வழியை எடுத்தன.

விரல் நினைவுகொண்டாலும் தோல் நினைவுகொள்வதில்லை. பழைய காய்ப்பு எப்பொழுதோ மறைந்துவிட்டமையால், தொடக்கத்திலே கால் மணி நேரத்தில் விரல்நுனி எரிந்தது. ஆதலின் நாளுக்குக் கால் மணி நேரமே என வரையறுத்துக்கொண்டேன். இரு திங்களிற் புதிய காய்ப்பு ஏறியது. 30 அங்குலத் தந்தியுடைய சிறு கருவியைத் தேர்ந்தமையால், மெட்டுக்களின் இடைவெளியும் குறைந்தது. தந்தியின் இறுக்கமும் தளர்ந்தது. செவியோ எதிர்பாராத வகையில் உதவிற்று. முதுமை நம் செவியிலிருந்து முதலிற் கவர்ந்து செல்வது உச்சத்தொனிகளையே. சில்வண்டின் இரைச்சலும் பேச்சிலே சகர ஓசையின் கூர்மையும் மங்கிய பின்னரும், தாழ்ந்த நாதம் நெடுங்காலம் எஞ்சி நிற்கும். செவியோடு நெஞ்சும் பாதமும் அதனை உணரும். முதியோருக்கு ஒவ்வாதது என்று அயலவர் கருதும் கருவியே முதியவர் செவிக்கு மிக நன்றாகக் கேட்கும் கருவி என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

இப்பொழுது எங்கள் ஊர் மாணவர் நால்வரோடு ஞாயிறுதோறும் வாசிக்கிறேன். அவர்கள் அனைவரும் முன்னே தெரியும் கருவிகளையே விரும்பியவர்கள். மந்தரத்துக்கு ஆள் இல்லை. ஒரு வாரம் காய்ச்சலால் நான் போகவில்லை. மறுவாரம் அவர்களுள் ஒருவன், “சேர், நீங்கள் இல்லாட்டி பாட்டு மிதக்குது” என்றான். இக்கருவி வாசிப்போருக்கு இதனினும் மேலான பாராட்டு இல்லை.

பழைய அறுவருள் இருவர் இன்று உயிரோடில்லை. டிறம் வாசித்தவர் ரொறன்ரோவில் இருக்கிறார். அண்மையில் அவரோடு பேசுகையிலே தொலைபேசியை அருகில் வைத்து, நாங்கள் இருவரும் முன்னர் வாசித்த பாட்டொன்றை வாசித்தேன். அச்சிறு கருவியின் வழியே மந்தரம் செல்லாது என்பது தெரிந்ததே. சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் கூறினார்: “கேக்கேல்லை மச்சான், ஆனால் எந்தப் பாட்டெண்டு தெரியுது.”

இழந்த இளமையை எந்தக் கருவியும் மீட்டுத் தருவதில்லை. அதற்காக நான் இதனை எடுக்கவுமில்லை. பிறர் பாடுவதற்கு அடியாக நிற்கும் ஓரிடம் எனக்கு முன்னொருகால் இருந்தது. அது இன்றும் வெறுமையாகக் கிடந்தது. மீண்டும் அங்கே போய் நிற்கிறேன். ஆசிரியத் தொழில் புரிந்தோருக்கு அவ்விடம் புதியதுமன்று. நம் வீடுகளிலே அலுமாரியின் மேலும் கட்டிலின் கீழும் உறங்கும் வயலின்களும் ஆர்மோனியங்களும் புல்லாங்குழல்களும் எத்தனை! அவற்றுக்குரியவர்கள் இன்றே தூசியைத் துடைத்து, புதுத் தந்தி பூட்டி, நாளுக்குக் கால் மணி நேரம் கொடுப்பாராக. அவர்களை எதிர்பார்த்து, தாம் எதிர்பார்ப்பதைத் தாமே அறியாத பிள்ளைகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள்.