கழிப்பறை இருக்கையில் யாழ் வாசித்தவர்களைத் தெரியுமா?

பத்தாம் வகுப்புக் கணக்கில் தேல்ஸ் தேற்றம் என்று ஒன்று வருமே, ஞாபகம் இருக்கிறதா? முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு இணையாகக் கோடு இழுத்தால் மற்ற இரண்டு பக்கங்களையும் அது ஒரே விகிதத்தில் வெட்டும். பரீட்சைக்கு முதல் நாள் மனப்பாடம் செய்து, பரீட்சைக்கு மறுநாள் மறந்தோமே, அதே தேற்றம்தான். அதை யாராவது மேடையேறி, ஹார்மனி பிசகாமல், கச்சேரியாகப் பாடியிருப்பார்கள் என்று நினைத்திருக்கிறீர்களா?

பாடியிருக்கிறார்கள்! அதுவும் 1971-இல் வந்த தங்கள் முதல் இசைத்தட்டிலேயே. ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் இன்றைக்கும் கணக்கு வாத்தியார்கள் வகுப்பில் போட்டுக் காட்டும் பாட்டு அது. ஒரு ராத்திரி யூடியூபில் வேறெதையோ தேடப்போய் இதில் மாட்டிக்கொண்டேன். மணி பார்த்தபோது மூன்று.

குழுவின் பெயர் லெஸ் லூத்தியர்ஸ். ஊர், அர்ஜென்டினாவின் புவெனஸ் அயர்ஸ். 'லூத்தியர்' என்றால் பிரெஞ்சு மொழியில் தந்தி வாத்தியங்கள் செய்பவர், நம் ஊரில் வீணை ஆசாரி மாதிரி. பாட்டுக் குழுவுக்கு எதற்கு ஆசாரி என்று பெயர்? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு மலச்சிக்கல் கதை இருக்கிறது.

ஆண்டு 1965. வடக்கு அர்ஜென்டினாவின் துக்குமான் நகரில் பல்கலைக்கழகக் கோரஸ் குழுக்களின் விழா. புவெனஸ் அயர்ஸ் பொறியியல் கல்லூரிக் கோரஸைச் சேர்ந்த சில இளைஞர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஹெரார்தோ மசானா என்பவர் மேற்கத்திய இசைமேதை யொஹான் செபாஸ்டியன் பாக் பாணியில் ஒரு கேன்டாட்டா எழுதிக்கொண்டு வந்திருந்தார். கேன்டாட்டா என்பது தனிக்குரலும் கோரஸும் மாறி மாறி வரும் நீளமான இசைக்கோவை. பாக் காலத்தில் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் பாடியது. இசை அத்தனை பக்தி சிரத்தையாக இருந்தது. சாகித்தியம் மட்டும் எங்கிருந்து வந்தது தெரியுமா? 'மோதத்தோன்' என்ற பேதி மருந்தின் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் சீட்டிலிருந்து! எத்தனை வேளை சாப்பிட வேண்டும், என்ன பலன் கிடைக்கும், எல்லாம் நான்கு குரல் ஹார்மனியில். பிறகு இசைத்தட்டாக வந்தபோது நிஜ மருந்தின் பெயர் எதற்கு வம்பு என்று 'லக்சத்தோன்' ஆக்கிவிட்டார்கள். (பாக் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். காபிப் பைத்தியம் பிடித்த ஒரு பெண்ணைப் பற்றி அவரே கேன்டாட்டா எழுதியவர்தான்.)

சும்மா கத்திப் பாடி மருந்துச் சீட்டைக் கிண்டல் செய்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. நம் கச்சேரியில் பக்கவாத்தியம் பாடகரின் நிழல் போலக் கூடவே வரும். ஹார்மனி அப்படி அல்ல. நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு வேறு வேறு ஸ்வரத்தில் நிற்க வேண்டும், ஒருவர் சறுக்கினாலும் மொத்தக் கட்டடமும் சாயும். அந்தக் கட்டடத்தைத் துளி சாயாமல் கட்டி, அதற்குள் பேதி மருந்தைக் குடிவைத்தார்கள். கண்ணை மூடிக் கேட்டால் கை கூப்பத் தோன்றும். மொழி புரிந்தவன் மட்டும் தரையில் உருண்டுகொண்டிருப்பான்.

இப்போது ஆசாரி விஷயத்துக்கு வருவோம். கேன்டாட்டா என்றால் பக்கத்தில் வாத்தியக் கோஷ்டி வேண்டும். கிண்டல் கேன்டாட்டாவுக்குக் கிண்டல் வாத்தியம்தானே வேண்டும்? தொழிலால் கட்டடக் கலைஞரான மசானா அட்டைக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இழுத்தால் நீளும்படி, அடியில் சக்கரம் வைத்து ஒரு ராட்சத ஊதுகுழலைச் செய்தார். குழலின் நீளம் இரண்டு மடங்கானால் சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். ஆகவே இழுக்க இழுக்க யானை பிளிறல். தகர டப்பாவில் வயலின் வந்தது. ரப்பர் குழாயின் முனையில் புனலைச் செருகிய எக்காளம் வந்தது. தட்டச்சு இயந்திரத்தின் விசையைத் தட்டினால் எழுத்துக்குப் பதில் உலோகக் குழாயில் மணி அடிக்கும் வாத்தியம் வந்தது. சைக்கிளின் பின்சக்கரம் சுழன்று மாண்டலின் தந்திகளை மீட்டும் ஒன்றும் உண்டு!

அர்ஜென்டினாக்காரர்கள் நாள் முழுக்க உறிஞ்சும் 'மாத்தே' என்ற கஷாயம் ஒரு குடுக்கையில்தான் வரும். அந்தக் குடுக்கையையும் விடவில்லை, வாயில் வைத்துப் பாடும் வாத்தியமாக்கிவிட்டார்கள். அது என்ன காய் தெரியுமா? நம்ம சுரைக்காய்! பாம்பாட்டியின் மகுடியும் அதே குடுக்கைதான். கடலுக்கு அந்தப் பக்கம் சிரிப்பு, இந்தப் பக்கம் பாம்பு.

சரி, தலைப்புக்கு வந்துவிடுகிறேன். 1999-இல் குளியலறைக்கென்றே ஒரு துதிப்பாடல் போட்டார்கள். அதற்கு வாத்தியங்களும் குளியலறையிலிருந்தே வந்தாக வேண்டுமாம்! கழிப்பறை இருக்கையில் தந்தி கட்டி யாழ். வெந்நீர் பாய்லரில் ஊதுகொம்பு. 'பிடே' என்று கழுவிக்கொள்வதற்கான பீங்கான் தொட்டி ஒன்று அங்கெல்லாம் இருக்கும், அதில் தந்தி பூட்டி, கைப்பிடியைச் சுழற்றினால் சக்கரம் உரசிப் பாடும்படி இன்னொன்று. அதற்கு வைத்த பெயர்தான் உச்சம்: 'நோமெயோல்பிடெ'. 'என்னை மறவாதே' என்று பொருள்படும் ஒரு நீலப் பூவுக்கு ஸ்பானிஷில் நோமெயோல்பிதெஸ் என்று பெயர். அந்தப் பெயருக்குள் தொட்டியை நுழைத்துவிட்டார்கள். கி.வா.ஜ. சிலேடைக்குத் தொடை தட்டும் நமக்கு இது புரியாதா என்ன?

வேடிக்கை என்னவென்றால், இதில் எதுவும் பொம்மை கிடையாது. எல்லாமே சுருதி சேர்த்தவை. மசானாவுக்குப் பின் பெரும்பாலானவற்றைச் செய்து கொடுத்த கார்லோஸ் இரால்தி மருத்துவம் படித்தவர். சோதனைக் குழாய்களை வரிசையாகக் கட்டி ஊதும் குழலை வாசித்த கார்லோஸ் நுன்யெஸ் கோர்டெஸ் வேதியியலில் முனைவர். டேனியல் ரபினோவிச் சட்டம் படித்து நோட்டரி ஆனவர். மார்கோஸ் முண்ட்ஸ்டாக் வானொலி அறிவிப்பாளர், விளம்பர வாசகம் எழுதியவர். மேடைக்கு வந்தால் எல்லாரும் கறுப்புக் கோட்டு, வில் டை, ஏதோ அரசவைக் கச்சேரி போல.

முண்ட்ஸ்டாக் கையில் சிவப்பு அட்டைக் கோப்பு ஒன்று எப்போதும் இருக்கும். அதைத் திறந்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற கனத்த குரலில், அடுத்த பாட்டை இயற்றிய மேதையின் வாழ்க்கை வரலாற்றை வாசிப்பார். யொஹான் செபாஸ்டியன் மஸ்த்ரோபியேரோ. கடன்காரர்கள், காதலிகள், அடுத்தவன் மெட்டைச் சுட்டது என்று வண்டி வண்டியாய்க் கதைகள். அப்படி ஒரு ஆளே கிடையாது! முண்ட்ஸ்டாக்கின் கற்பனை. இல்லாத அந்த மனிதரின் தலையில்தான் பாதிப் பாட்டுகளைக் கட்டிவிட்டார்கள், தேல்ஸ் தேற்றம் உட்பட.

இவர்களை எந்த அலமாரியில் வைப்பது? இசைத்தட்டுக் கடைக்காரருக்குத் தலைவலிதான். மடாலயத் துறவிகளின் வாத்தியமில்லாப் பாட்டு ஒன்று, கேட்டால் புல்லரிக்கும், விஷயம் பாலியல் கல்வி. துணி துவைக்கப் போகும் ஒரு பெண்ணைப் பற்றி மாட்ரிகல் என்ற பழங்காலப் பலகுரல் பாட்டு ஒன்று, அதன் தலைப்பே அவள் துவைத்துக் காயப்போடும் வரை முடியாது. 1977-இல் வந்த ஒரு கேன்டாட்டாவில் ஸ்பானிய வெற்றிவீரன் ஒருவன் தென்னமெரிக்காவைச் சுற்றுகிறான், அவன் போகும் ஊருக்கு ஊர் இசையும் அந்த மண்ணின் தாளத்துக்கு மாறிக்கொண்டே போகிறது. இன்னொன்று முழு ஓபரா. அதில் நாயகி பேசும் மொழி உலகத்திலேயே இல்லாத மொழி. நாடகமா, நகைச்சுவையா, சாஸ்திரிய இசையா? 2017-இல் ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் இளவரசி விருது கொடுத்தவர்களே 'கலைகள்' பிரிவில் கொடுக்கவில்லை. 'தகவல்தொடர்பும் மனிதப் பண்பியலும்' என்ற பிரிவில் கொடுத்தார்கள்.

மசானா 1973-இல் புற்றுநோயால் போனபோது வயது 36. குழு உடைந்திருக்கலாம். உடையாமல் இருக்க என்ன செய்தார்கள் தெரியுமா? குழு மொத்தமும் உளப்பகுப்பாய்வாளர் பெர்னாண்டோ உய்யோவாவிடம் போய் உட்கார்ந்தது! ஒருவர் இருவர் அல்ல, எல்லாரும் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில். மனநல சிகிச்சைக்குப் போவதை முடிவெட்டப் போவது போலப் பேசும் ஊர் அது என்பதால் அங்கே யாருக்கும் இது பெரிய விஷயமாகப் படவில்லை. நம் ஊரில் எத்தனை கச்சேரிக் கோஷ்டிகள் இப்படிப் போயிருந்தால் பிழைத்திருக்குமோ!

1986-இல் உலகின் தலைசிறந்த ஓபரா அரங்குகளில் ஒன்றான தெயாத்ரோ கொலோனில் தகரமும் குழாயுமாக ஏறினார்கள். 2014-இல் அதே மேடையில் டேனியல் பாரன்பாய்ம், மார்த்தா ஆர்கெரிச் போன்ற சாஸ்திரிய இசை ஜாம்பவான்களோடு நின்றார்கள். 2015-இல் ரபினோவிச்சும் 2020-இல் முண்ட்ஸ்டாக்கும் விடைபெற்றார்கள். புதியவர்களைச் சேர்த்துக்கொண்டு கடைசியாக ஒரு நிகழ்ச்சி போட்டு, 2023-இல் கடையைக் கட்டினார்கள்.

அந்தக் கடைசி நிகழ்ச்சியில் தொலைக்காட்சிப் பேட்டி ஒன்றுக்கு மேடை போட்டிருந்தார்கள். பேட்டி கொடுக்க வந்து உட்கார்ந்தவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் மஸ்த்ரோபியேரோ!