செதுக்கிய இடமே வெளிச்சம்

வங்கியில் நமக்கு மூல ஆவணம் ஒன்றே, ஏனையவை நகல்கள். பதிப்போவியத்தில் கணக்கு வேறு. மரப்பலகையைச் செதுக்கி, மை தடவி, தாளில் ஒற்றியெடுக்கும் ஒவ்வொரு படியும் அசலே. தாளின் அடியில் பென்சிலால் 5/20 என்றிருப்பின், இருபது படிகளுள் அது ஐந்தாவது. நமது ரிச்சர்ட்ஸ் டவுன் கிளைக்கு வரும் வாடிக்கையாளர் சிலர் ஓவியங்களின் விலை பற்றி வினவுவதுண்டு. நமக்கோ, அவை யாருடைய வாழ்வைச் சொல்கின்றன என்பதே பெரிதாகப் படுகிறது.

கண்டதைக் கண்டவாறு வரையாமல், உணர்ந்த அளவுக்குக் கோட்டை முறுக்கிக் காட்டுவது எக்ஸ்பிரஷனிசம். ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945), பெர்லினில் ஏழைகளுக்கு மருத்துவம் பார்த்த தம் கணவரிடம் வந்த தாய்மாரை அன்றாடம் கண்டவர். முதல் உலகப் போரில் சேர இளைய மகன் பேட்டர் விரும்பினான். வயது நிரம்பாமையால் தந்தையின் இசைவு தேவைப்பட்டது. மறுத்த தந்தையை இசைய வைத்தவர் தாயே. 1914 அக்டோபரில் மகன் களத்தில் மாண்டான். பின்னாளில் அவர் செதுக்கிய ‘போர்’ வரிசையின் ஏழு மரச்செதுக்குகளுள் ஒன்று ‘பெற்றோர்’. கணவனும் மனைவியும் ஒரே கரிய திரளாய் மண்டியிட்டிருக்கின்றனர், முகங்கள் புதைந்துள்ளன. போர்க்களம் எங்கும் இல்லை.

நம் நாட்டில் இவ்வழியில் நினைக்கத்தக்கவர் சித்தபிரசாத் (1915–1978). 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிதினாப்பூர்ச் சிற்றூர்களில் நடந்து, கண்டதை மையால் வரைந்தார். ‘ஹங்ரி பெங்கால்’ என்ற அந்நூலின் படிகளை ஆங்கிலேய அரசு பறிமுதல் செய்து அழித்தது. ஒரு படியைக் குடும்பத்தார் காத்து வைத்தனர். (பெட்டகச் சாவிகளோடு நாள் கழிக்கும் நமக்கு இச்செய்தி தனியாக இனித்தது.)

பின்னர் பம்பாயில் அவர் லினோலியத்தில் செதுக்கினார். தரையில் விரிக்கும் பொருள். மரத்தினும் மலிவு, எளிதில் வெட்டலாம். அச்சுப்பொறி இல்லாவிடினும் கரண்டியின் முதுகால் தேய்த்தே படியெடுக்கலாம். உழைக்கும் சிறுவர்களைப் பற்றிய அவரது வரிசைக்குத் ‘தேவதைக் கதைகள் இல்லாத தேவதைகள்’ என்று பொருள்படும் பெயர். செதுக்கி நீக்கிய இடம் வெள்ளை, எஞ்சியது கறுப்பு. தவறி வெட்டினால் ஒட்ட வழியில்லை. மெலிந்த தோளில் விழும் வெளிச்சமும் கத்தி தோண்டியதே.

பெங்களூர் அரண்மனைச் சாலையில், மாணிக்கவேலு மாளிகையில் 2009 முதல் தேசிய நவீனக் கலைக்கூடம் இயங்குகிறது. நம் பகுதியிலிருந்து தொலைவில்லை. பதிப்போவியம் எதிர்ப்பட்டால் முகத்திற்கு முன் கைகளைப் பாருங்கள். திங்கட்கிழமை விடுமுறை.